மூன்று படங்கள் எதற்கு?

எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) படம் எடுக்கப் புதிதாக வருபவர்களுக்குக் கிடைக்கும் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கேமராவை டிரைபாடில் நிறுத்த வேண்டும். ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, அளவாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று படங்கள் எடுக்க வேண்டும். மென்பொருளில் போட்டு இணைத்து, அது காட்டும் தோற்றங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுப்பதிலும் இணைப்பதிலும் குற்றமில்லை. தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கும் கடைசிப் படிதான் இந்த நுட்பத்தின் பெயரைக் கெடுத்தது. புதியவரின் ஆர்வமெல்லாம் அந்தப் படியிலேயே செலவாகிப்போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த நுட்பம் எதற்காக வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஸ்டான்ஃபோர்டு நினைவுத் தேவாலயத்தின் உட்புறம் வருகிறது. இருண்ட மண்டபம், வெயில் நேராக விழும் வண்ணக் கண்ணாடிச் சன்னல். 30 விநாடியிலிருந்து 1/1000 விநாடி வரை, ஒவ்வொரு ஸ்டாப்பாக, அதாவது ஒளியை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்து 16 படங்கள் எடுத்தார்கள். ஃபிலிம் ஒளியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை அந்தப் படங்களிலிருந்தே கணக்கிட்டு, காட்சியின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எவ்வளவு ஒளி வந்தது என்ற விகிதத்தை மீட்டார்கள். அடுத்த ஆண்டே டெபெவெக், இப்படி அளந்த ஒளியை வைத்து, கணினியில் உருவாக்கிய பொருள்கள்மீது நிஜ இடத்தின் வெளிச்சத்தை விழச்செய்தார். ஆகவே எச்.டி.ஆர். முதலில் ஓர் அளவீடு. தோற்றம் பிறகு வந்தது.

அளந்ததை அப்படியே தாளில் காட்ட முடியாது. நல்ல அச்சுத் தாளிலேயே கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் ஏறத்தாழ 7 ஸ்டாப்தான் கிடைக்கும். அதற்குள் காட்சியைச் சுருக்கும் வேலையே டோன் மேப்பிங். சுருக்கும்போது சன்னலும் சுவரும் வெளிச்சத்தில் நெருங்கி வரலாம். சுவர் சன்னலை முந்திவிடக் கூடாது. எது எதைவிட வெளிச்சம் என்ற வரிசை, சிறு இடங்களில் சற்றுப் பிசகினாலும், பெரிய பரப்புகளில் குலையாமல் இருக்க வேண்டும். நல்லதையும் கெட்டதையும் பிரிக்க நான் நம்பும் அளவுகோல் இதுதான்.

2000-களின் பிற்பகுதியில் ஃபோட்டோமேட்டிக்ஸ் போன்ற மென்பொருள்களிலிருந்து வந்து குவிந்த படங்களில் பல இந்த அளவுகோலில் தோற்றவை. ஒவ்வொரு சிறு பரப்பையும் அதன் அக்கம்பக்கத்தோடு மட்டும் ஒப்பிட்டு வேறுபாட்டை ஏற்றும் முறை அது. அளவுக்கு மீறி ஏற்றினால் கட்டட விளிம்பைச் சுற்றி வானம் வெளுத்துப் படரும். நண்பகல் மேகம் தரையைவிடக் கறுக்கும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இதில் பழி மென்பொருளுடையது அல்ல. அதே மென்பொருளில் அடக்கமாகவும் செய்ய முடியும்.

இணைத்த படம் என்றாலே போலி என்பவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே பதில் சொல்லிவிட்டார். அவர் காலத்துக் கொலோடியன் தட்டு நீல ஒளியை மிகுதியாக வாங்கும். கடலுக்குச் சரியாக எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். 1857-இல் பிரான்சின் செத் கடற்கரையில் எடுத்த பேரலைப் படத்துக்கு வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களை அடிவானக் கோட்டில் சேர்த்து அச்சிட்டார். மேகம் ஒளிர்கிறது, கடல் இருண்டிருக்கிறது. வரிசை குலையவில்லை.

இன்று புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு இப்படிப் பல படங்களை இணைப்பது தேவையா? பெரும்பாலான காட்சிகளுக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். இன்றைய நல்ல சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓ-வில் ஒரே ரா கோப்பில் (சென்சார் பதிவுசெய்த, பதப்படுத்தாத தரவில்) 14 ஸ்டாப் அளவுக்குப் பிடித்துவிடுகின்றன. வெளிச்சப் பகுதி வெளிறாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு உயர்த்தினால் மாலை வானமும் மரத்தடி முகமும் ஒருசேரக் கிடைக்கும். இலை அசைந்தாலும் ஆள் நடந்தாலும் இரட்டை உருவம் விழாது.

ஆனால் உயர்த்திய நிழலில் இரைச்சல் இருக்கும். அங்கே விழுந்த ஒளியே குறைவு. 2 ஸ்டாப் கூடுதலாகக் கொடுத்தால் நான்கு மடங்கு ஒளி சேரும். படத்தோடு ஒப்பிட்டால் இரைச்சல் பாதியாகும். இருண்ட அறையும் வெயில் அடிக்கும் சன்னலும் ஒன்றாக வரும் இடத்தில் மூன்று படங்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. அப்போதும் 1 ஸ்டாப் இடைவெளி வீண், 2 ஸ்டாப் வேண்டும். ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும். அப்பர்ச்சரை மாற்றினால் எது எதுவரை ஃபோகஸில் இருக்கிறது என்பதும் படத்துக்குப் படம் மாறிவிடும்.

மூன்று படங்கள் வேண்டும் என்பதற்கு வலுவான எதிர்வாதம் கைபேசி. கூகுள் குழுவினர் 2016-இல் விவரித்த எச்.டி.ஆர்.பிளஸ் முறையில் பிராக்கெட்டிங்கே, அதாவது வெவ்வேறு எக்ஸ்போஷரில் படங்கள் எடுப்பதே, இல்லை. ஒரே அளவில் குறைவாக எக்ஸ்போஸ் செய்த பல படங்களைச் சேர்த்து இரைச்சலைக் குறைக்கிறது. டிரைபாட் வேண்டாம். பழகாத கை மூன்று படங்களை இணைத்துச் செய்வதைவிட இதன் முடிவு பல வேளைகளில் மேலாகவே இருக்கிறது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் நிழல் எவ்வளவு இருளாக நிற்க வேண்டும் என்பதை அங்கே கருவி முடிவு செய்கிறது. அந்த முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கே கேமராவில் இதைக் கற்கும் தேவை வருகிறது.

அவருக்கு என் தீர்ப்பு இது: எச்.டி.ஆரிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் படித்து எங்கே வெளிறுகிறது, எங்கே கறுத்து அடைகிறது என்று கண்டுகொள்ளட்டும். ஒற்றை ரா கோப்பை அதன் எல்லைவரை இழுத்துப் பார்க்கட்டும். எல்லை தாண்டும் காட்சி வந்தால் பிராக்கெட்டிங்குக்குப் போகட்டும். இணைப்பதற்கு, 2015 முதல் லைட்ரூமில் இருப்பதுபோல எந்தத் தோற்றத்தையும் திணிக்காமல் டிஎன்ஜி கோப்பாகவே திருப்பித் தரும் வழி போதும். அதை இன்னொரு ரா கோப்பைப் போலவே திருத்தலாம். ஆயத்தத் தோற்றங்களின் பட்டியலைத் திறக்கவே வேண்டியதில்லை.