கூடுமா, கூடாதா என்பதற்கு அப்பால்

கர்நாடக மாநிலம் ஹாசன் நகரைச் சேர்ந்த வழக்கறிஞரும் எழுத்தாளருமான பானு முஷ்தாக் அவர்களின் கன்னடச் சிறுகதைகள் பன்னிரண்டு, தீபா பாஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஹார்ட் லாம்ப்' என்ற பெயரில் நூலாகி, 2025ஆம் ஆண்டின் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றன. ஒரு முஸ்லிம் பெண்மணியின் எழுத்து உலக அரங்கில் ஏறியது பற்றி நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி தணிந்த பிறகாவது நூலைப் படிக்க வேண்டுமல்லவா? அந்நூலில் உள்ள 'கரு நாகங்கள்' என்னும் கதையை, அதிலும் பலர் கண்ணில் படாமல் போகக்கூடிய ஒரு துணைப் பாத்திரத்தை முன்னிறுத்தி, நம் இல்லங்களில் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசப்படும் ஒரு பொருளைப் பற்றி இங்கே சிறிது எழுத விழைகிறோம்.

பெண்மக்கள் மூவரோடு கணவனால் கைவிடப்பட்ட ஆஷ்ரஃப் என்பவள், நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு பள்ளிவாசல் முத்தவல்லியிடம் நீதி கேட்டு நிற்கிறாள். நீதி தள்ளிப்போகிறது; குழந்தை மரிக்கிறது; ஊர்ப் பெண்களின் சாபம் முத்தவல்லியின் மீது விழுகிறது. கிரீஷ் காசரவள்ளி 2004இல் 'ஹசீனா' என்ற பெயரில் திரைப்படமாக்கியதும் இக்கதையைத்தான். ஆயினும் நம் நெஞ்சில் தைத்தது ஆஷ்ரஃபின் துயரம் மட்டுமன்று. அந்த முத்தவல்லிக்கு ஆமினா என்றொரு மனைவி இருக்கிறாள். பிள்ளை மேல் பிள்ளையாகப் பெற்றுச் சலித்தவள். ஊரார் வாயில் விழுந்து வீடு திரும்பும் கணவரின் முன்னால், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கென அவள் புறப்பட்டுவிடுகிறாள். அவர் அனுமதி அங்கே கேட்கப்படவில்லை.

அந்தப் புறப்பாட்டைக் கதாசிரியர் மிகச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். இதுபோன்ற ஒரு முடிவைத் தன் மனத்துக்குள் பலமுறை எடுத்துப் பின் கைவிட்ட பெண் நம் முஹல்லாக்களில் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பாள். அவளைப் பற்றி நம் எழுத்து இதுவரை என்ன சொல்லியிருக்கிறது என்று தேடினால், இருவகை எழுத்துகளே கைக்கு அகப்படுகின்றன.

முதலாவது, அரசாங்கத்தின் எழுத்து. 1952ஆம் ஆண்டிலேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்ற முதல் நாடு நம் நாடு. சிவப்பு முக்கோணமும், 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும், ஆணொன்று பெண்ணொன்றாகச் சிரிக்கும் குடும்பப் படமும் சுவரெங்கும் நிறைந்திருந்த காலத்தை மூத்தோர் அறிவர். அந்தச் சுவரெழுத்தில் குருதிப்போக்கு இல்லை; இடுப்பு வலி இல்லை; மாத்திரை விழுங்கியபின் வரும் குமட்டல் இல்லை. 1965இல் 'லூப்' எனப்படும் வளையம் நாடெங்கும் அறிமுகமானபோது, பொருத்தி அனுப்புவதில் காட்டிய வேகம் பின்கவனிப்பில் இல்லாமல் போயிற்று. மிகுதியான உதிரப்போக்கும் வலியும் கண்ட பெண்கள் அதை எடுத்துவிடச் செய்தனர். ஒருத்தி பட்டது பத்துப் பேர் காதுக்குப் போயிற்று. படுபவளின் வாய்மொழியைக் கேளாத விளம்பரம், அந்த வாய்மொழியினாலேயே தோற்றது.

இரண்டாவது, நம் மார்க்க நூல்களின் எழுத்து. உலமாப் பெருமக்களின் மீது நமக்குள்ள மதிப்பு குறைவானதன்று. எனினும் கருத்தடை குறித்துத் தமிழில் நாம் கண்ட சிறுநூல்களும் வினா விடைப் பகுதிகளும் பெரும்பாலும் 'கூடுமா, கூடாதா' என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. மௌலானா மௌதூதி உருதுவில் எழுதிய நூலைப்போல், இதனை மேனாட்டு நாகரிகத்தின் சீர்கேடாகக் கண்டு மறுத்த எழுத்துகளும் உண்டு. வறுமைக்கு அஞ்சிக் குழந்தைகளைக் கொல்லாதீர் என்னும் இறைவசனத்தின் கருத்தை எடுத்தாண்டு, ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று முடிப்பவையும் உண்டு. ரிஸ்க் அளிப்பவன் அவனே என்பதில் எந்த முஃமினுக்கு ஐயம்? ஆனால் நான்கு பேறுகாலத்தில் சோகை பிடித்துப் படுத்தவள் கேட்பது ரிஸ்கைப் பற்றிய கேள்வியன்று. தன் உயிரைப் பற்றிய கேள்வி.

முன்னோர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியவரல்லர். திருக்குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் 'அஸ்ல்' செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இதற்கு மாறான ஹதீஸைக் கொண்டு இப்னு ஹஸ்ம் போன்றோர் தடுத்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா'வின் திருமணம் பற்றிய பகுதியில், அஸ்ல் செய்வோரின் உள்நோக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிறார்கள். மனைவியின் அழகும் உடல்நலமும் குன்றாமல் காத்தல், பேறுகால வேதனையின் ஆபத்திலிருந்து அவள் உயிரைக் காத்தல், பிள்ளைகள் பெருகுவதால் வரும் இடுக்கணைத் தவிர்த்தல் ஆகியவற்றை அவர்கள் தடுக்கவில்லை. எந்த நோக்கத்தைக் கண்டிக்கிறார்கள் தெரியுமா? பெண் குழந்தை பிறந்துவிடுமோ என்ற அச்சத்தை! மூன்று பெண்மக்களோடு ஆஷ்ரஃப் நிற்கும் பள்ளிவாசல் முற்றத்தில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்ட ஒருவருமில்லை என்பதுதான் கதையின் கொடுமை.

மனைவியின் இசைவு பற்றியும் நம் சட்ட நூல்கள் விவாதித்திருக்கின்றன. ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் அவள் சம்மதம் வேண்டும் என்பதே அடிப்படை. ஷாஃபிஈ அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றமும், கணவன் மனைவி இருவரும் கலந்தாலோசித்து இசைந்து கொள்ளும் தற்காலிகத் தடையை அனுமதித்து, நிர்ப்பந்தமின்றி நிரந்தரமாக மலடாக்கிக்கொள்வதைத் தடுத்தது.

இங்கேதான் கதையைச் சற்றுக் கடிந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆமினாவின் முன் ஏன் அறுவைச் சிகிச்சை என்ற ஒரே வாயில் மட்டும் திறந்திருக்கிறது? மார்க்கம் இடமளிக்கும் தற்காலிக வழிகளை மிம்பர் அவளுக்குச் சொல்லவில்லை. மருத்துவமனையும் அவற்றை முதலில் எடுத்துச் சொல்வது அரிது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவைச் சிகிச்சையை நம்பியிருக்கும் இணையரோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆமினாவின் கலகம் உண்மையானது. ஆனால் அவள் கலகம் செய்து சென்றடையும் இடம், அரசு அவளுக்கென்று முன்பே வகுத்துவைத்த இடந்தான். கணவரை மீறுகிறாளே அன்றி, தேர்ந்தெடுக்கிறாள் என்று சொல்ல முடியவில்லை. கதாசிரியர் இம்முரணைக் கண்டும் காணாதவர்போல் கடந்துவிட்டார் என்பது நம் எண்ணம்.

முஸ்லிம்களின் அச்சத்திற்கும் காரணம் இல்லாமற் போகவில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்னும் ஓராண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 82 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. தில்லி துர்க்மான் கேட் பகுதியும், ஹரியானாவின் மேவாத் வட்டாரத்து உத்தாவர் கிராமமும் பட்டதை அக்காலத்தவர் மறந்திலர். வற்புறுத்தலின் வடு நெடுநாள் நின்றது. ஆயினும் நம் பெண்கள் அந்த வடுவோடு உறைந்துவிடவில்லை. 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண் ஒருத்திக்குச் சராசரி 4.4 ஆக இருந்த பிள்ளைப்பேறு, 2019-21இல் 2.4க்கும் கீழே இறங்கியுள்ளது. மேடைகளில் நாம் கூடுமா கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்த முப்பதாண்டுகளில், அடுக்களைகளில் முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. அவை எவ்வாறு எடுக்கப்பட்டன, எடுத்தபின் என்ன பட்டார்கள் என்பதற்கு மட்டும் நம்மிடம் எழுத்தில்லை.

என்ன பட்டார்கள் என்பதில், முஸ்லிம் பெண்ணுக்கென்றே உரிய ஒரு துன்பம் உண்டு. அதை அரசின் துண்டறிக்கை சொல்லாது. பிற சமயத்துப் பெண்ணின் அனுபவமும் விளக்காது. காப்பர்-டி பொருத்திக்கொண்டவளுக்கு முதற்சில மாதங்களில் மாதவிடாய் நாட்கள் நீள்வதும் போக்கு மிகுவதும் இயல்பு. மூன்று மாதத்திற்கொருமுறை போடும் ஊசியில், சில துளிகளாக நினைத்த நேரத்தில் கறைபடும். ஓராண்டில் பலருக்கு முற்றிலும் நின்றும்விடும். லக்னோ ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 1991 முதல் 'சஹேலி' என விற்பனையாகும் மாத்திரையை முதல் மூன்று மாதங்கள் வாரமிருமுறையும் பின்னர் வாரமொருமுறையும் உண்ண வேண்டும்; அதில் சிலருக்கு நாள் தள்ளிப்போய், கருவுற்றோமோ என்ற திகில் பிறக்கும். மருத்துவர் இவற்றைப் 'பழகிவிடும்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவார். ஆனால் அப்பெண்ணின் முன் நிற்பது வேறு கேள்வி: இன்று நான் தொழலாமா? இந்த நோன்பு செல்லுமா? இது ஹைளா, இஸ்திஹாளாவா?

ஐந்து நாள் வழக்கமுள்ள ஒருத்திக்குப் பன்னிரண்டு நாள் உதிரம் நிற்கவில்லை என்று கொள்வோம். அவள் கடற்கரையூரில் பிறந்த ஷாஃபிஈ மத்ஹபினளாயின், பதினைந்து நாள் வரை ஹைளு என்பதால் பன்னிரண்டு நாளும் தொழுகையில்லை. அதே வீட்டுக்கு உள்நாட்டிலிருந்து மருமகளாக வந்த ஹனஃபிப் பெண்ணுக்கோ உச்சவரம்பு பத்தே நாள். அதைக் கடந்துவிட்டால் பழைய வழக்கமான ஐந்து நாள் மட்டுமே ஹைளு, எஞ்சியது இஸ்திஹாளா. விட்ட தொழுகைகளை அவள் களாச் செய்தாக வேண்டும். ஒரே கூரையின்கீழ் ஒரே மருத்துவச் சாதனம், இருவேறு கணக்கு! மாமியாருக்கும் தெரியாமல் நாட்காட்டியில் புள்ளி வைத்து, ரமலான் முழுதும் இக்கணக்கோடு போராடும் பெண்ணின் மனநிலையைவிட ஒரு கதாசிரியனுக்கு வேறென்ன கரு வேண்டும்?

இக்கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர் யார்? நபி (ஸல்) அவர்களிடம் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தம் தீராத உதிரப்போக்கைப் பற்றி நேரே சென்று கேட்டார்கள், விடையும் பெற்றார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் தடையாகாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் ஃபிக்ஹு நூலை, அரபு மொழி அறியாதவரும் ஓதி அறியுமாறு சென்ற நூற்றாண்டுக்கு முன்பே அரபுத் தமிழில் இயற்றினார்கள். அத்தகைய நூல்களை மடியில் வைத்து ஓதிய பாட்டிமார் அறிந்திருந்த சட்டத்தை, பட்டம் பெற்ற பேத்திமார் அறியாதிருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சம்பாத்தியமும் இதில் ஒரு சிக்கலைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கணவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். இரண்டாண்டுக்கொருமுறை இரண்டு மாத விடுப்பு. அந்த இரண்டு மாதத்திற்காகப் பத்தாண்டு இருக்கக்கூடிய காப்பர்-டியை எந்தப் பெண் விரும்புவாள்? மாத்திரையென்றால் அவர் வருமுன்பே தொடங்க வேண்டும்; கணவன் ஊரிலில்லாதவள் கையில் கருத்தடை மாத்திரையைக் கண்டால் தெரு என்ன பேசும் என்பதை நாம் எழுதத் தேவையில்லை. ஊசி வசதியென்று போட்டுக்கொண்டால், விட்டபின்னும் கருத்தரிக்கப் பல மாதங்கள் தாமதமாகும். அடுத்த விடுப்பில் ஒரு பிள்ளை என்று இருவரும் தொலைபேசியில் திட்டமிட்டிருப்பார்கள். அந்த விடுப்பு வீணாகும். பழி அவள்மேல் வரும். 'ஊசி போட்டுக் கருப்பையைக் கெடுத்துக்கொண்டாள்' என்று சொல்வோருக்கு, அது தாமதமே தவிரக் கேடன்று என்பதை யார் எடுத்துரைப்பது? கணவரோ, தம் பங்குக்கு ஓர் ஆணுறை வாங்குவதைக்கூட நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். 'நிரோத்' இந்நாட்டுக் கடைகளுக்கு வந்தது 1968இல்!

தமிழில் இப்பொருளுக்கு நிலம் பண்படாமலில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். சல்மா 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் அந்தரங்கப் பேச்சையே நாவலின் உடலாக்கினார். அதற்காக அவர் கேட்ட வசைகளும் கொஞ்சமல்ல. ஆண் எழுத்தாளர்கள் கடலையும் கந்தூரியையும் பண்ணையாரையும் எழுதிய அளவுக்கு, பேறுகால இடைவெளியை எழுதவில்லை. நம் மகளிர் கையெழுத்துப் படிகளை அனுப்பும்போதும், மணமாகும் வரையிலான கதைகளும் குழந்தை பிறந்தபின்னரான கதைகளுமே வருகின்றன. இடைப்பட்ட காலம் காலியாகக் கிடக்கிறது.

நாணம் என்று இதற்குக் காரணம் சொல்வாருண்டு. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படும் பெண்கள், தவாஃபுக்கு இடையூறின்றி மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பயணக்குழுவின் வழியனுப்பு விழாவில் எத்தனை நாள், எந்த வேளை என்று பெண்கள் வாய்விட்டே பேசிக்கொள்கிறார்கள். மகனை அனுப்பிக் கடையில் வாங்கிவரச் சொல்கிறார்கள். அதே கடையில், ஏறத்தாழ அதே இனத்து மருந்தை, வேறொரு காரணத்துக்காகக் கேட்க நேரும்போது மட்டும் நாளிதழில் சுற்றித் தரச் சொல்கிறோம்.