கூடுவாஞ்சேரியில் ஒரு கிரவுண்டு

தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று செங்கல்பட்டு வரை நிலையங்கள் வரிசையாக வருகின்றன. சென்னையில் வேலை, இவற்றில் ஏதோ ஒன்றை ஒட்டி வீடு என்பது நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கைத் திட்டமாகவே ஆகி வெகுகாலமாகிறது. இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை எல்லோருக்கும் தெரியும்: மனை விலை குறைவு, நல்ல காற்று, கிணற்றுத் தண்ணீர், பிள்ளைகள் ஓடியாட இடம். எதிராகச் சொல்லப்படுவதும் தெரிந்ததுதான்: தூரம். இந்தப் பட்டிமன்றம் முடியாமல் நீள்வதற்குக் காரணம், ஒரு தரப்பு சதுர அடியில் கணக்குப் போடுகிறது, மறுதரப்பு கிலோமீட்டரில் போடுகிறது. மணிக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதிலும் வீட்டில் யாருடைய மணி என்று கேட்டு அளக்க வேண்டும். அப்படி அளந்தால் இந்தக் குடிபெயர்வு சிலருக்கு நல்ல பேரம். பலருக்கோ, விலையில் பாதியை மட்டும் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுத்த கதை.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அந்தப் பலம் தென்னந்தோப்பில் இல்லை, தண்டவாளத்தில் இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் அந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்த ஊர்கள். இன்று அவற்றைப் புறநகர் என்று சொல்லவே வாய் வருவதில்லை. மாத சீசன் டிக்கெட்டின் விலை ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம்தான். மாதம் ஐம்பது முறை ஏறி இறங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய மானியத்தை வேறு எந்தத் துறையும் தருவதில்லை. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு, பூங்கா நிலையத்திலோ எழும்பூரிலோ இறங்கி நடந்தால் அலுவலகம் என்றிருப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய குறையில்லை. போரூரில் குடியிருந்துகொண்டு பழைய மாமல்லபுரம் சாலைக்கு இரு சக்கர வாகனத்தில் போய் வருகிறவரைவிட அவர் நிம்மதியாகவே வீடு திரும்பக்கூடும்.

ஆனால் அந்த நிலையில் இருப்பவர்கள் குறைவு. நிலையத்தை ஒட்டிய மனைகள் எப்போதோ விலை ஏறிவிட்டன. விளம்பரத்தில் ‘ரயில் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று வருவது நெரிசலில்லாத ஞாயிற்றுக்கிழமைக் காரின் ஐந்து நிமிடம். வார நாளில் அதே தூரத்துக்கு ஷேர் ஆட்டோ நிறைய வேண்டும், ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டும், பிறகு வண்டி வர வேண்டும். திரும்பும்போது கடற்கரையிலிருந்து வருகிற வண்டிகளில் பலவும் தாம்பரத்தோடு நின்றுவிடுகிறவை. மாலையில் தாம்பரத்தில் இறங்கி, அடுத்த செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்கு என்று பலகையை அண்ணாந்து பார்த்து நிற்கும் கூட்டத்துக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்தால், 25 வேலை நாளில் 100 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் பன்னிரண்டு நாளுக்கு மேல். வங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறவர் அதற்கு இணையாக இந்தத் தவணையையும் கட்டுகிறார். முன்னது இருபது ஆண்டில் முடியும். பின்னது ஓய்வு பெறும்வரை ஓயாது.

இந்தத் தவணை வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. ஏழு மணி வண்டியைப் பிடிக்கும் ஆணுக்கு நாள் ஐந்தரைக்குத் தொடங்கினால், அதே வண்டியைப் பிடிக்கும் பெண்ணுக்கு நாலரைக்குத் தொடங்குகிறது. இட்லித் தட்டும் மூன்று டிபன் பாக்ஸும் அதற்குள் முடிந்தாக வேண்டும். மகளிர் பெட்டியில் மடியில் தாளை விரித்துக் கீரை ஆய்வதையும் பூத் தொடுப்பதையும் புறநகர் வாழ்க்கையின் இனிய காட்சியாகப் படம் பிடிப்பவர்கள் உண்டு. அது வீட்டில் செய்ய நேரமில்லாத வேலை, ரயிலேறி வந்திருக்கிறது; அவ்வளவுதான். பக்கத்தில் நல்ல பள்ளி இல்லாமல் வேனில் தாம்பரம்வரை போகும் பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டு. மனை வாங்கும் பேச்சில் இந்த இருவரின் மணிகள் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதேயில்லை.

இதெல்லாம் பழகிவிடும் என்பது வழக்கமான மறுப்பு. பொருளியலாளர்கள் அலோய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃபிரேயும் ஜெர்மனியின் குடும்பத் தரவுகளைக் கொண்டு இதைத்தான் சோதித்தார்கள். நீண்ட தூரம் போய்வருவோருக்குக் கூடுதல் சம்பளமோ மலிவான நல்ல வீடோ அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பது பாடநூல் கோட்பாடு. அவர்கள் கண்டது வேறு: பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைந்தது, ஈடு கிடைக்கவில்லை. ஜெர்மனியும் கூடுவாஞ்சேரியும் ஒன்றல்ல. இங்கே சொந்த வீடு என்பதற்குச் சமூகத்தில் இருக்கும் எடை வேறு, கல்யாணச் சந்தையில்கூட அதற்கு மதிப்பெண் உண்டு. ஆனாலும் ஒரு காரணம் இங்கும் பொருந்தும். கூடுதல் அறை ஆறு மாதத்தில் பழகிவிடுகிறது. இன்று வண்டி தாமதமா, உட்கார இடம் கிடைக்குமா என்பது எத்தனை ஆண்டு போனாலும் பழகுவதில்லை.

அடுத்தது, பசுமை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அடையாறு உருவாகிறது. இந்த ஏரிகளின் ஆயக்கட்டு வயல்களும் உபரிநீர் ஓடிய தாழ்நிலங்களும்தான் பெருமளவில் மனைகளாகியிருக்கின்றன. வரப்பை இடித்து, செம்மண் கொட்டி, மஞ்சளும் வெள்ளையும் பூசிய மனைக்கல் நட்டு, நுழைவாயிலில் வளைவு வைத்து, ஏரியின் பெயரையே ஆங்கிலத்தில் சூட்டினால் மனைப்பிரிவு தயார். வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வரும். 2015இல் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டது அதனால்தான். வெள்ளம் வராத ஆண்டிலும் இந்தப் பசுமை தங்குவதில்லை. முதலில் வந்தவர் எதிரே வயல் இருக்கிறதென்று வாங்குகிறார். இரண்டாமவர் வாங்குவது அந்த வயலை. நல்ல தண்ணீர் என்ற பெயரும் நாலு தெருவுக்கு நூறு போர்வெல் இறங்கும்வரைதான். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை உறிஞ்ச லாரி, பிறகு குடிநீருக்கும் லாரி என்று ஊர் மெல்ல நகரத்தின் தொல்லைகளைப் பெற்றுவிடுகிறது, நகரத்தின் குழாய்களைப் பெறாமலே.

வெளியே போய்க் குடியேறுவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. எபனேசர் ஹோவர்ட் 1898இல் தோட்ட நகரத்தை முன்மொழிந்தபோது மூன்றைச் சேர்த்தே கேட்டார்: ஊரிலேயே வேலை, பொது உடைமையாக நிலம், சுற்றிலும் யாரும் கட்டடம் கட்ட முடியாத விவசாய வளையம். நாம் எடுத்துக்கொண்டது வெளியே போவதை மட்டும். ஓரளவு முழுமையாக முயன்ற இடம் மறைமலைநகர். 1980 வாக்கில் துணைநகரமாகத் திட்டமிட்டு, தொழிற்பேட்டையையும் குடியிருப்பையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். எதிர்பார்த்த வேகத்தில் அது வளரவில்லை. 2022இல் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரே ஆலையை நம்புவதன் ஆபத்தும் தெரிந்தது. ஆனாலும் அங்கும் சிங்கப்பெருமாள்கோவிலிலும் குடியிருந்து ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போகிறவருக்கு என் மணிக்கணக்கு தலைகீழாகிறது: சென்னைக்குள் குடியிருந்தால்தான் அவருக்கு நஷ்டம்.

சென்னை வாடகையைக் கொடுக்க முடியாதவர் வேறென்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கட்டாயத்தைத் தெரிவு என்று விற்கும் விளம்பரத்தின்மேல்தான் குறை. வீட்டிலிருந்தே வேலை வந்துவிட்டதே என்பது சிலருக்குப் பொருந்தும். நகைக்கடை விற்பனையாளருக்கும் மருத்துவமனைச் செவிலியருக்கும் அரசு அலுவலக உதவியாளருக்கும் பொருந்தாது. கிராமத்துக்கும் வளம்தானே என்றால், நிலம் வைத்திருந்தவருக்கு வளம்தான். அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கு விற்பனைப் பத்திரத்தில் பெயர் இல்லை. வசதிகள் பின்னால் வரும் என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டுவிட்டது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தது. வசதி வரும்போது மனை விலையும் கூடவே வருகிறது. அடுத்து வாங்க வருகிறவர் இன்னும் தெற்கே போகிறார். இப்போதே மதுராந்தகம் பக்கம் மனைக்கல் நட்டாயிற்று. கடற்கரை லோக்கல் பெரும்பாலும் செங்கல்பட்டோடு முடிகிறது. அதற்கு அப்பால் மேல்மருவத்தூர் போகும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.