கொண்டவர்களும் துஞ்சியவர்களும்

சோழர் கல்வெட்டு என்றதும் படித்தவர்கள்கூட ஏன் பத்தடி விலகி நிற்கிறார்களோ தெரியவில்லை. 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது ஆளாளுக்கு ஆதித்த கரிகாலனைப் பற்றிப் பேசினார்கள். அவன் பெயரைக் கோயில் சுவரில் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? பழைய எழுத்து தெரியாவிட்டால் குடிமுழுகிவிடாது. வாசகங்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. அரசர்களின் பட்டப்பெயரிலிருந்து தொடங்குங்கள்.

அடிப்படை இவ்வளவுதான். ராஜகேசரி, பரகேசரி என்று இரண்டே பட்டங்கள். சோழர்கள் அவற்றை மாற்றி மாற்றிச் சூடினார்கள். வெறும் ‘கோப்பரகேசரி’ என்றால் யாரென்று கண்டது? அதனால் முன்னால் ஓர் அடையாளம். மதிரை (மதுரை) கொண்ட கோப்பரகேசரி முதலாம் பராந்தகன். பாண்டியன் தலை கொண்ட கோப்பரகேசரி ஆதித்த கரிகாலன். போதும், மேலே போவோம்.

இந்தக் ‘கொண்ட’ வகையில் எனக்கு அவ்வளவு மயக்கமில்லை. கங்கைகொண்டான், கடாரங்கொண்டான், முடிகொண்டான் என்று ராஜேந்திரன் காலத்தில் அடுக்கியதெல்லாம் ஊர்ப்பெயராகிப் பஸ் போர்டு வரை வந்துவிட்டது. மேடைப் பேச்சாளர்கள் இதைத் தாண்டுவதே இல்லை. கைதட்டலுக்கு இது போதும். ஆள் உயிரோடிருக்கும்போதே வைக்கிற கட்-அவுட் இது.

‘துஞ்சின’ வகைதான் சரக்கு. அரசன் இறந்தபின் அடுத்த தலைமுறை அவனைக் குறிப்பிடும் முறை அது. புகழ்ச்சி கிடையாது, எங்கே இறந்தான் என்ற தகவல் மட்டும். புறநானூற்றுக் குறிப்புகளிலேயே இது இருக்கிறது: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் ஒருவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் இன்னொருவன். சோழர் கல்வெட்டில் முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர்த் துஞ்சினவர். சுந்தர சோழர் பொன்மாளிகைத் துஞ்சின தேவர். 1054இல் கொப்பத்துப் போரில் மாண்ட ராஜாதிராஜன் ஆனைமேல் துஞ்சினவர். தோற்றவனா வென்றவனா என்ற பேச்சே இல்லை, பாருங்கள்! அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சின தேவர். அவருக்குப் பேரன் ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், வேலூர்ப் பக்கம் மேல்பாடியில் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அங்கே போனால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பெயர் இந்த இரண்டு வகையிலும் சேராதது. கண்டராதித்தரை ‘மேற்கெழுந்தருளின தேவர்’ என்கிறார்கள். இறந்ததைத்தான் அப்படி மங்கலமாகச் சொன்னார்கள் என்று சில அறிஞர்கள் முடித்துவிடுவார்கள். எனக்கு ஒப்பவில்லை. தம்பி அரிஞ்சயனுக்குக் கைவந்த ‘துஞ்சின’ அண்ணனுக்கு மட்டும் ஏன் கசந்தது? மனிதர் சிவபக்தர், திருவிசைப்பாவில் அவர் பாடிய பதிகம் உண்டு. அரசைத் தம்பியிடம் விட்டுவிட்டு மேற்கே கிளம்பிவிட்டார் என்பதே என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வருமுன் கும்பகோணம் பக்கத்துக் கோனேரிராஜபுரத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். கணவர் கண்டராதித்தர் பெயரால் செம்பியன் மாதேவி எடுப்பித்த கற்கோயில் அங்கே இருக்கிறது. அவர் லிங்கத்தைப் பூசிக்கிற சிற்பமும், அது அவர்தான் என்று சொல்லும் கல்வெட்டும் சுவரிலேயே இருக்கின்றன. ஊரே அங்குள்ள பெரிய நடராஜரைப் பார்த்துவிட்டு நேரே காபிக் கடைக்குப் போய்விடுகிறது.