ஊம் கொட்டும் உரிமை

ஆச்சி கதை சொல்லும்போது பேரப்பிள்ளை ஊம் கொட்ட வேண்டும். கொட்டாவிடின் கதை நின்றுவிடும். கேட்பவருக்கும் கதையிற் பங்குண்டு என்பதே இதன் பொருள். காத்தவராயன் கூத்திலும் ஒருவர் பாட, மற்றவர் பிற்பாட்டுப் பாடுகின்றனர். நெல்லியடிப் பிள்ளை இம்மரபிலிருந்தே ஆங்கில வகுப்பினுள் நுழைகின்றது. அங்கேயோ பெரும்பாலும் அதற்கு விதிக்கப்படுவது மௌனமாய்க் கேட்டலும் பார்த்தெழுதலுமே.

ஆரம்ப வகுப்புகளில் பங்கேற்புக் கதைகூறல் மூலம் ஆங்கிலம் கற்பித்தல் என்னும் முறையை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். ஆசிரியர் கதையை நடுவில் நிறுத்தி, அடுத்து நடந்தது யாதென வினவுகின்றார். பிள்ளை ஒரு சொல்லாலோ சைகையாலோ விடை தருகின்றது. மீண்டும் மீண்டும் வரும் வாக்கியத்தை வகுப்பே கூடிச் சொல்கின்றது. தமிழில் வந்த விடையை ஆசிரியர் ஆங்கிலமாக்கித் திருப்பித் தருகின்றார். இவ்வாறு பயன்பாட்டினூடாக மொழி படிகின்றது.

எனினும், யாருடைய கதை? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, ஆங்கிலக் கல்வியில் மொழி ஏகாதிபத்தியத்தை எதிர்த்தல் குறித்து 1999இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்கப் பாடநூலைப் படித்த நம் மாணவர், அதன் பக்க ஓரங்களிற் கீறிய சித்திரங்களையும் குறிப்புகளையும் அந்நூல் ஆராய்கின்றது. பாடத்தில் இடம்பெறாத தம் வாழ்வை அவர்கள் ஓரத்தில் எழுதினர். பெறுமதிமிக்க ஆய்வு இது. ஆனால் அது காட்டுவது பல்கலைக்கழக இளைஞரை. ஓரத்துக்குத் தள்ளப்படுதல் ஆரம்ப வகுப்பிலேயே தொடங்கிவிடுகின்றது என்பதே நம் வாதம். பனிமழை பொழியும் ஊரின் கதைக்குப் பக்கத்தில், பனங்கூடலும் தோட்டக் கிணறும் உள்ள கதையும் வேண்டும்.

கதை விளையாட்டுப் பரீட்சைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கேள்வியை எள்ளி நகையாடல் தகாது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயினும் நல்ல ஆங்கிலம் இன்றும் பணம் கொடுத்து ரியூட்டரியில் வாங்கும் பண்டமாகவே பலருக்கு இருக்கின்றது. சிங்கள மக்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்வது வீணன்று. கதையோடு வகுப்பு நின்றுவிடின், வீட்டில் ஆங்கிலப் புத்தகமுள்ள பிள்ளை முன்னேறும். கூலித் தொழிலாளியின் பிள்ளை பின்தங்கும். ஆகவே, சொன்ன கதையை வாசிக்கவும் எழுதவும் பாடசாலையே பயிற்ற வேண்டும்.

ஊம் கொட்டிய பிள்ளை ஒருநாள் கதையையே மாற்றிச் சொல்லும். அன்றுதான் அம்மொழி அதற்குச் சொந்தமாகும்.