அகலமான டயர் அழகா, ஆபத்தா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்டு மாறும் நேரத்தில் சாலையோரம் சற்றே நின்று பாருங்கள். புதிய வண்டிகளுக்கு நடுவே 'டப் டப்' என்று பழைய புல்லட் ஒன்றும் வரக்கூடும். அதன் பின் சக்கரத்தைக் கவனியுங்கள். ஆலையிலிருந்து வந்தபோது இருந்த ஒல்லியான டயர் போய், தடித்த டயர் ஏறியிருந்தால் வியப்பில்லை. "எடுப்பாக இருக்கிறது, பிடிப்பும் அதிகம்" என்பார்கள். எடுப்பு அவரவர் ரசனை. பிடிப்பு என்பதோ அறிவியல். அதை நாம் உரசிப் பார்க்கலாம்.

இந்த வண்டி நமக்கு அயலானதன்று. 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை எழுந்த இடம் திருவொற்றியூர். 1946-இல் அதே ஊரில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மென் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1961-இல் டயர் ஆலையும் அமைத்தது. வண்டியும் டயரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள்!

பழைய 350 சி.சி. புல்லட்டின் இரு சக்கரங்களுக்கும் டயர் அளவு 3.25-19. அதாவது டயரின் அகலம் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். ரிம்மின் அகலமோ 1.85 அங்குலம்தான். இந்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துபவை.

டயர் அகலமானால் தரையைத் தொடும் பரப்பு பெருகும் என்று நினைக்கிறீர்களா? சுமையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழ அந்தப் பரப்பு கிடைத்துவிடும். சுமையும் அழுத்தமும் மாறாதபோது பரப்பும் அதிகம் மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும், அவ்வளவே. மேலும், குறுகிய ரிம்மில் அகன்ற டயரை மாட்டினால் அதன் இரு விளிம்புகளும் உள்ளே இழுக்கப்படும். முதுகு கூம்பிப் போகும். நேரே ஓடும்போது நடுப்பகுதி மட்டும் தேயும். வளைவில் பக்கச்சுவர் நெளியும். பிடிப்பைத் தேடிப் போய் இருந்ததையும் இழக்கிறோம்!

இனி, ஒரு சிறு கணக்கு. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 45 கி.மீ. வேகத்தில் திரும்ப, தகடு போன்ற மெல்லிய சக்கரமானால் வண்டி 28 பாகை சாய வேண்டும். டயருக்கு அகலம் உண்டல்லவா? சாயும்போது தொடும் இடம் ஓரத்துக்கு நகர்வதால் இன்னும் சற்றுச் சாய வேண்டும். ஈர்ப்பு மையம் 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், பழைய டயருக்கு இது சுமார் 2 பாகை; 120 மி.மீ. டயருக்கு 3 பாகை. வேறுபாடு சிறிதுதான், அதைப் பெரிதாக்கிப் பயமுறுத்துவது நேர்மையாகாது.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. முன் ஃபோர்க் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது தரையை எட்டும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். வண்டி நேர்வழியில் நிலையாக ஓட உதவுவது இது. பின் சக்கரத்தின் விட்டம் 2 அங்குலம் கூடினால் பின்புறம் 1 அங்குலம் உயரும், ஃபோர்க் ஏறத்தாழ 1 பாகை நிமிரும், டிரெயில் குறையும். லாரிகள் இரையும் கல்கத்தா நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஹேண்டில் அலைபாயலாம். அங்கே அலைபாய்வது உயிர் என்பதை மறவாதீர்கள்.

அப்படியானால் பழைய அளவு குறையே இல்லாததா? இல்லை. பின் சக்கரம் அதிகச் சுமை தாங்குகிறது, விரைவில் தேய்கிறது. பின்னர் வந்த 500 சி.சி. புல்லட்டில் பின் டயர் 3.50-19 ஆனது இந்தக் குறைக்குத் தக்க மருந்து. கால் அங்குல உயர்வு. அப்போது அதற்கு மேல் அவர்கள் போகவில்லை!

ஆகவே பழைய 350 வைத்திருப்பவர்கள் முன்னால் 3.25-19, பின்னால் 3.25 அல்லது 3.50-19 என்று நிற்பதே நலம். மில்லிமீட்டர் அளவில் வாங்க நேர்ந்தால் 3.25-க்கு நெருங்கியது 90/90-19. டயரை மாற்றியதும் சங்கிலிக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி உண்டா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். காற்றைக் கையேட்டின்படி அடியுங்கள்.

செருப்பு அழகாயிருக்கிறது என்று இரண்டு எண் பெரிதாக வாங்கி நடப்போமா? வண்டிக்கும் அதே நியாயந்தான்.