திண்ணையும் மாட்டுப் பல்லும்

டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' (1854) நாவலில் சிஸ்ஸி குதிரைச் சர்க்கஸ்காரர் மகள். குதிரையோடவே வளர்ந்தவளுக்குக் குதிரைக்கு இலக்கணம் சொல்லத் தெரியல. பல்லுக்கணக்கு ஒப்பித்த பிட்சர் கெட்டிக்காரனாகிறான். மனப்பாடத்தை டிக்கன்ஸ் கிழிக்கிறார்.

1893இல் தொடராகத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திர'த்தில் ராஜமய்யரும் செய்யுள் மூட்டை சுமக்கும் அம்மையப்ப பிள்ளையைக் கிண்டலடிக்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதை நகைச்சுவை என்றே நடத்தினார்கள்.

திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள் சிரிக்கலாம். நம்ம பாட்டன்களை ஒப்பிக்கக்கூட அங்கே ஏற்றவில்லையே! டிக்கன்ஸாவது சிஸ்ஸியை வகுப்புக்குள்ளே உட்காரவைத்தார். அம்மையப்ப பிள்ளையிடம் பாடம் கேட்கும் சேரிப்பிள்ளை எங்கே?

திருத்தணிப் பக்கம் எங்க சேரியில் பல்லைப் பிடித்துப் பார்த்தே மாட்டுக்கு வயசு சொல்லுவாங்க. அந்த அறிவை எந்தப் பரீட்சை கேட்டது? மனப்பாடத்தைத் திட்டுகிற விமர்சகர்கள் முதல்ல இதுக்குப் பதில் சொல்லட்டும்.