நீலாவணன்: தோழர்கள் காத்துத் தந்த கவிஞர்

நீலாவணன் உயிரோடு இருந்த காலத்தில் அவருக்கென்று ஒரு கவிதை நூல் இருக்கவில்லை. 1931 மே 31இல் பெரியநீலாவணையில் பிறந்த கே. சின்னத்துரை, 1975 ஜனவரி 11இல் காலமானபோது வயது நாற்பத்து மூன்று. இருபது வருடங்களுக்கு மேலாக எழுதியவர். பத்திரிகையிலும் கவியரங்கு மேடையிலும் பேர் பெற்றவர். ஆனாலும் 'வழி' என்ற முதல் தொகுதி 1976இல்தான் வந்தது. முற்றுப்பெறாத 'வேளாண்மை' காவியம் 1982இல், 'ஒத்திகை' 2001இல். அதாவது நூலாக நாம் இன்று வாசிக்கிற நீலாவணன், மற்றவர்களின் கைகளால் நம்மிடம் வந்து சேர்ந்தவர். அந்தக் கைகளில் எங்கட கைகளும் உண்டு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

பெரியநீலாவணை முடியும் இடத்தில் மருதமுனை தொடங்குகிறது. அதற்குத் தெற்கே பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி. ஒரு சைக்கிள் ஓட்டத்தில் கடந்துவிடக்கூடிய இந்தக் கரையோரத் துண்டில், ஒரே காலத்தில் நீலாவணன், மர்ஹூம் மருதூர்க்கொத்தன், சண்முகம் சிவலிங்கம், எம்.ஏ. நுஃமான் ஆகியோர் எழுதிக்கொண்டிருந்தார்கள். கல்முனை எழுத்தாளர் சங்கத்தின் நடுவில் நின்றவர் நீலாவணன். 'பாடும்மீன்' என்ற சஞ்சிகையையும் அவர் நடத்தினார். பாடசாலை விட்டபின் ஆசிரியர்கள் கூடிக் கவிதை பேசிய கூட்டம் அது. தமிழரும் முஸ்லிமும் கலந்திருந்தார்கள் என்பதை அன்று யாரும் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

நுஃமான் 1944இல் பிறந்தவர், நீலாவணனுக்குப் பதின்மூன்று வயது இளையவர். அவர் எழுத வந்தபோது நீலாவணன் முன்னோடி, வழிகாட்டி, பக்கத்து ஊர் அண்ணன். பிறகு நுஃமானின் பாதை வேறு பக்கம் திரும்பியது. மஹாகவியின் பேச்சோசையும் சாதாரண மனிதனைப் பாடுகிற யதார்த்தமும் அவரை இழுத்தன, மார்க்சியமும் சேர்ந்தது. 1969-70இல் 'கவிஞன்' இதழை நடத்தினார். மஹாகவியின் நூல்களைக் கல்முனையிலிருந்து பதிப்பித்தார். அளவெட்டிக் கவிஞர் ஒருவரைக் கல்முனைக்குடி இளைஞர் ஒருவர் தமிழுக்குக் காப்பாற்றித் தந்த கதை தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே எனக்கு முக்கியமானது, அந்த உழைப்பில் உருவான அளவுகோல்தான். அதே அளவுகோல் நீலாவணன் மேலும் வைக்கப்பட்டது.

அந்த அளவுகோல் நீலாவணனைத் தள்ளிவிடவில்லை. சித்ரலேகா மௌனகுரு, மௌனகுரு ஆகியோரோடு நுஃமான் எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' 1979இல் வந்தது. யேசுராசாவோடு தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் வந்தது. அந்தப் பதினொருவரில் நீலாவணனுக்கு மஹாகவி, முருகையனோடு இடம் இருக்கிறது. அந்தத் தொகுப்பு இல்லையென்றால் தமிழ்நாட்டு வாசகர் பலருக்கு இந்தப் பெயரே எட்டியிராது. ஆனால் யதார்த்தம், பேச்சோசை என்று அளக்கும்போது நீலாவணன் எப்போதும் மஹாகவிக்கு அடுத்த வாங்கில்தான் உட்காருகிறார். அது நியாயமா?

பாதி நியாயம் என்பேன். நீலாவணனில் சந்தம் சில இடங்களில் பொருளை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறது. கவியரங்குக்காக எழுதியவற்றில் கைதட்டலுக்கான நிறுத்தங்கள் அச்சிலும் தெரிகின்றன. ஆனால் அவருடைய உண்மையான பலம் அந்த அளவுகோலுக்குள் அடங்காதது. 'ஓ வண்டிக்காரா' ஒரு பயணப் பாட்டுப் போலத்தான் தொடங்கும். கேட்டுக்கொண்டு போகையில் அது மரணத்தை நோக்கிப் போகிற வண்டி என்று விளங்கும். அந்த அச்சத்தைச் சொல்லால் விளக்காமல் தாளத்தால் தருகிறார். யதார்த்தவாதத்துக்கு இதில் வேலை இல்லை. சூபிப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எங்கட காதுக்கு இது புதிதும் இல்லை. குணங்குடியாரைப் படிக்கிற ஒருவர் நீலாவணனை இரண்டாம் வாங்கில் இருத்த யோசிப்பார்.

இன்னொரு தோழர் எஸ்.பொ. 1932இல் பிறந்து 2014இல் மறைந்த அவர், நீலாவணனைப் பற்றித் தனி நினைவு நூலே எழுதினார். நட்பின் சூடு அதில் உண்டு. சண்டைக்காரரின் சூடும் உண்டு. முற்போக்கு அணியை விட்டு விலகி 'நற்போக்கு' பேசிய எஸ்.பொ.வுக்குத் தன் நண்பன் ஒரு கவிஞன் மட்டுமல்ல, ஒரு வழக்கின் சாட்சியும்கூட. வாசிக்கையில் மனிதர் கண்முன் வருகிறார், கவிதை பின்னால் போய்விடுகிறது. நுஃமான் வழியில் கவிதை வருகிறது, மனிதர் ஒதுங்கி நிற்கிறார். இரண்டையும் சேர்த்து வாசிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

'வேளாண்மை'யை நான் சரியாக வாசித்தது ஊரில் அல்ல, தொழில் நிமித்தம் வந்திருக்கிற ஸ்கந்தபுரத்தில். அக்கராயன் பக்கத்துக் கமக்காரர் ஒருவருக்குச் சில பகுதிகளை வாசித்துக் காட்டினேன். நெல்லோடு வாழ்ந்த மனிதர்தான். ஆனால் அந்த உலகத்துக்குள் அவரைக் கூட்டிப் போக எங்கட வட்டை, போடியார், முல்லைக்காரன், களவெட்டி எல்லாவற்றையும் முதலில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எங்களுக்கு மாரிப்போகம், அவருக்குக் காலபோகம். அவர் 'கமம்' என்பதை நாங்கள் 'வெள்ளாமை' என்போம். அந்தச் சொற்களை விளக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது: இவை தமிழ்ச் சொல், முஸ்லிம் சொல் என்று பிரிகிறவை அல்ல. சம்மாந்துறைப் போடியாரும் பெரியநீலாவணை முல்லைக்காரனும் ஒரே வட்டையில் பேசிய மொழி. வேளாண்மையை விட எங்கட பொதுவாழ்வுக்கு நல்ல ஆவணம் வேறு இருக்கிறதாக எனக்குத் தெரியவில்லை.

காவியம் பாதியில் நிற்கிறது என்றதும் அந்த ஐயா, "முடிக்காம விட்டிட்டாரோ சேர்? நாங்களும் 2008இல எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள்" என்றார். பிறகு அன்று வாசிக்க மனம் வரவில்லை.

2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி ஒரு பக்கம் உண்ணாவிரதம், அதற்கு எதிராக மறுபக்கம் சத்தியாக்கிரகம் நடந்தது. அந்த வீதிகளில்தான் இந்தக் கவிஞர்கள் சைக்கிளில் போனார்கள். எங்கட ஆய்வுகளும் அந்தப் பிரிவினைக்குத் துணை போகின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். 'முஸ்லிம் இலக்கிய வரலாறு' என்று எழுதப் புகுந்தால் முஸ்லிம் பெயர்களை மட்டும் வரிசையாக எடுத்து வைக்கிறோம். நீலாவணனை விட்டுவிட்டு நுஃமானின் தொடக்கத்தை எப்படிச் சொல்வது? மற்றப் பக்கமும் இதே தவறுதான்: மருதமுனைத் தோழர்களைக் கழித்துவிட்டு ஒரு நீலாவணன் எழுதப்படுகிறார்.

செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். 'பாடும்மீன்' இதழ்கள், கவியரங்கு அழைப்பிதழ்கள், அந்தக் கூட்டத்தார் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் யாருடையதாவது வாப்பாவின் பெட்டிக்குள் இருக்கக்கூடும். கறையான் அரிக்குமுன் எடுத்து ஸ்கேன் செய்து 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். அசல் பிரதியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.